இரவல் நாவும் சொந்த நாவும்

பிறர் எழுதித் தந்த சொற்களைப் பேசியே பொருளும் புகழும் ஈட்டிய ஒருவனுக்குத் தன் சொந்தச் சொல்லின்மீது கடமை ஏதேனும் உண்டா? உண்டெனில், அச்சொல்லுக்குச் செவி கொடுப்போர் மிகச் சிலரே ஆயினும் அவன் அதனைச் சொல்லியே ஆக வேண்டுமா?

இவ்வினா நடிகர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞர், மேலதிகாரி சொல்லச் சொல்லக் கடிதம் எழுதும் எழுத்தர், அச்சிட்ட கிதாபைக் கையில் ஏந்தி மிம்பரில் நின்று அரபியில் குத்பா ஓதும் கத்தீபு என எத்தனையோ பேர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருடைய சொற்களிலேயே கழிக்கின்றனர். அதில் இழிவு ஒன்றுமில்லை. உலகம் அப்படித்தான் நடைபெறுகிறது. அதே கத்தீபு, குத்பாவுக்கு முன் தமிழில் பயான் செய்ய எழும்போது அவர் குரல் மாறுவதை நாம் கவனித்திருக்கிறோம். கிதாபில் பிழை இருந்தால் அச்சிட்டவன் பொறுப்பு. பயானில் பிழை வந்தால் பொறுப்பு அவருடையது. அந்தச் சிறு நடுக்கத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

நம்மைப் பேசத் தூண்டியது ஒரு மரணச் செய்தி. 2025ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் கரீபியக் கடற்கரையில், குடும்பத்தாருடன் விடுமுறைக்குச் சென்றிருந்த அமெரிக்க நடிகர் ஒருவர் கடல் நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தார். வயது 54. அவர் பெயர் மால்கம் ஜமால் வார்னர். செய்தியை வெளியிட்ட ஏடுகளெல்லாம் அவரை 'காஸ்பி ஷோ' என்னும் தொலைக்காட்சித் தொடரில் தியோ என்ற மகனாக நடித்தவர் என்றே உலகுக்கு நினைவூட்டின. அந்தத் தொடர் முடிந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் பேஸ் கித்தார் பயின்றார், கவிதை எழுதினார், ஜாஸும் ஃபங்க்கும் கலந்த இசைக்குழு ஒன்றைத் தாமே அமைத்தார், இசையோடு கவிதையைச் சொல்லும் 'ஸ்போக்கன் வேர்ட்' கலையில் பெரிய நிறுவனங்களின் கையை எதிர்பாராமல் தம் முயற்சியில் இசைத்தொகுப்புகள் வெளியிட்டார். இவை செய்தியின் கடைசிப் பத்தியில் இடம்பெற்றன. சில ஏடுகளில் அந்த இடமும் கிடைக்கவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். மால்கம், ஜமால் என்ற இரண்டும் நம் காதுக்குப் பழக்கமானவை. முஸ்லிம் பெயரொன்றைக் கண்டவுடன் அதனைத் தாங்கியவர்மீது உரிமை கொண்டாடிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அப்படி எதையும் கோரவில்லை. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர், தாம் மதித்த இருவரின் நினைவாகப் பெயரிட்டனர். ஒருவர் மால்கம் எக்ஸ். மற்றவர் பியானோக் கலைஞர் அஹ்மத் ஜமால். இருவருமே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். இருவருமே பிறப்பில் பெற்ற பெயரைக் களைந்து வேறு பெயர் பூண்டவர்கள். பிள்ளைக்கு நல்ல பெயரிடுவது பெற்றோர்மீது அப்பிள்ளைக்குள்ள உரிமை என்பதை நாம் அறிவோம். ஆயின் பெரியோர் பெயரை இடுவது பிள்ளையின் தோளில் ஒரு சுமையை ஏற்றுவதுமாகும். அந்தச் சுமை எத்தகையது என்று சற்றே பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

அஹ்மத் ஜமால் 1930இல் பிட்ஸ்பர்க் நகரில் பிரெடெரிக் ரஸல் ஜோன்ஸ் என்ற பெயருடன் பிறந்தவர். இஸ்லாத்தை ஏற்றுப் பெயரை மாற்றிக்கொண்ட பின்னர், தாம் புதுப்பெயர் எதுவும் சூடவில்லை என்றும், தம் முன்னோருக்குரிய மூலப்பெயரை மீட்டுக்கொண்டதாகவும் அவர் விளக்கம் தந்தார். 'ஜாஸ்' என்ற சொல்லே அவருக்கு உவப்பானதன்று. தம்முடைய கலையை அமெரிக்காவின் செவ்வியல் இசை என்றே அவர் குறிப்பிட்டு வந்தார். 1958இல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் அவர் வாசித்துப் பதிவான இசைத்தட்டு, விற்பனைப் பட்டியலில் நூறு வாரங்களுக்கு மேல் நின்றது. கையில் பணம் சேர்ந்ததும் அவர் செய்தது என்ன? சிகாகோவில் 'அல்ஹம்ப்ரா' என்ற பெயரில் ஓர் இசையரங்கமும் உணவகமும் திறந்தார். அங்கே மது விற்பதில்லை என்றும் வைத்தார். மதுக்கடை வருமானத்தில்தான் அந்நாட்டு இசையரங்குகள் உயிர் வாழ்ந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் துணிவு விளங்கும். அரங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் மனிதர் நிலைத்தார். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் 92ஆம் வயதில் மறையும் வரை தம் போக்கிலேயே வாசித்தார்.

அவருடைய கலையின் தனித்தன்மை, வாசித்த சுரங்களைவிட வாசிக்காமல் விட்ட இடங்களில் இருந்தது என்பர் அறிந்தோர். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வெளியை நிறுத்திவைப்பார். விமரிசகர் சிலர் இதை உணவுக்கூடப் பொழுதுபோக்கு என்று எள்ளினர். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோ அந்த வெளியிலிருந்து தாம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

மால்கம் எக்ஸின் கதையை நேயர்களுக்கு விரிக்க வேண்டியதில்லை. நம் வினாவுக்கு வேண்டிய ஒரு பகுதியை மட்டும் நினைவுகூர்வோம். 1952இல் சிறையிலிருந்து வெளிவந்தது முதல் 1964 மார்ச் வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அவர் எலிஜா முஹம்மது என்பவரின் நாவாகவே இருந்தார். அமெரிக்காவே அஞ்சிக் கேட்ட அந்தச் சொற்பொழிவுகளில், 'எம் தலைவர் இவ்வாறு கற்பிக்கிறார்' என்ற கருத்துப்பட அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்த இயக்கத்தைத் துறந்து, 1964இல் ஹஜ்ஜை நிறைவேற்றி, எல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் ஆகித் திரும்பிய பிறகே முழுவதும் தம்முடையதான சொல்லைப் பேசினார். முன்பு தாம் மேடையில் உரைத்தவற்றுள் சிலவற்றைத் தவறென்று ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. அதற்குக் கிடைத்த காலம் ஓராண்டுக்கும் குறைவு. 1965 பிப்ரவரி 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டு ஆண்டு இரவல் நாவு. பதினொரு மாதச் சொந்த நாவு. உலகம் இன்று பெரிதும் போற்றுவது அந்தப் பதினொரு மாதத்தையே.

இவ்விருவர் பெயரையும் சுமந்த சிறுவன் போய்ச் சேர்ந்த இடமோ தொலைக்காட்சி!

அந்தத் தொடரை நம் குடும்பங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1984 செப்டம்பரில் தொடங்கி 1992 ஏப்ரல் வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. அவற்றுள் ஐந்து பருவங்கள் தொடர்ச்சியாக அமெரிக்காவில் மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சி அதுவே. தந்தை மருத்துவர், தாய் வழக்கறிஞர், ஐந்து பிள்ளைகள். கறுப்பினக் குடும்பம் என்றாலே வறுமையும் கோமாளித்தனமும் என்று காட்டிப் பழகிய திரையில், படித்த, வசதியான, கண்ணியமான ஒரு கறுப்பினக் குடும்பம் வாரந்தோறும் வரவேற்பறைக்கு வந்தது. அக்குடும்பத்தின் ஒரே மகன் தியோ.

அந்த வேடம் அச்சிறுவனுக்குக் கிடைத்த விதம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. நாடெங்கும் தேடி, இறுதியாகச் சோதிக்கப்பட்டவர்களுள் அவரே கடைசி. அக்காலத் தொலைக்காட்சிப் பிள்ளைகள் பேசும் துடுக்கான பாணியில் வசனத்தைப் பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தனர். தொடரின் நாயகரான பில் காஸ்பி மட்டும் சிரிக்கவில்லை. உன் தந்தையிடம் உண்மையில் இப்படிப் பேசுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றான் சிறுவன். அப்படியானால் இங்கேயும் பேசாதே என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்து, தந்தையிடம் தான் பேசும் விதத்தில் பேசினான்; வேடம் கிடைத்தது. இரவல் சொல்லைச் சொல்வதற்கும் உள்ளே ஒரு சொந்த உண்மை வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பதின்மூன்று வயது அன்றே கற்றிருக்கும்.

முதல் நிகழ்ச்சியிலேயே புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு. மகன் மோசமான மதிப்பெண்களுடன் வருகிறான். எல்லோரும் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆக முடியாது, நான் சாதாரண மனிதனாக இருந்துவிட்டுப் போகிறேன், மகன் என்பதற்காக என்னை நேசியுங்கள் என்று உருக்கமாகப் பேசுகிறான். பார்வையாளர் கைதட்டுகின்றனர். தந்தையோ, இதைவிட மடத்தனமான பேச்சைத் தாம் கேட்டதேயில்லை என்று அதட்டி, தேர்ச்சிக்கு அஞ்சிப் பின்வாங்காதே, முயன்று பார் என்கிறார். அக்காட்சி அமைந்த நிகழ்ச்சியை எழுதியவர்கள் எட் வைன்பர்கர், மைக்கேல் லீசன் என்னும் இருவர். அதற்காக எம்மி விருதும் பெற்றனர். தியோ என்ற பாத்திரமோ காஸ்பியின் சொந்த மகன் என்னிஸின் சாயலில் வார்க்கப்பட்டது. ஆக, வார்த்தை இருவருடையது, வாழ்க்கை இன்னொருவருடையது, முகமும் குரலும் மட்டும் இச்சிறுவனுடையவை. அவற்றையே உலகம் அவருடைய முழுமை என்று எண்ணிக்கொண்டது. 1986இல் எம்மி விருதுக்கான பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

அதே 1986இல் ஒளிபரப்பான இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்வையற்ற இசைமேதை ஸ்டீவி வொண்டர் அதில் தோன்றுகிறார். குடும்பத்தாரைத் தம் இசைக்கூடத்துக்கு அழைத்து, ஒவ்வொருவரையும் ஏதாவது சொல்லச் சொல்லி, அக்குரலைக் கருவியில் பதிந்து, விசைப்பலகையில் அழுத்தி வெவ்வேறு சுருதியில் மீள ஒலிக்கச் செய்கிறார். தியோ பேசிய சில சொற்கள், தாளத்தின் முதலடியைக் குறிக்கும் ஒரு துள்ளலான தொடர், பாட்டாக மாறி வருகின்றன. குரலை வெட்டி எடுத்து வேறோர் இசையில் பதிக்கும் முறையைத் தாம் முதன்முதலாக அங்கேதான் கண்டதாகக் குவெஸ்ட்லவ் போன்ற பிற்காலக் கலைஞர்கள் சொல்லியிருக்கின்றனர். வேடிக்கையான காட்சிதான். ஆயினும் ஒரு மனிதனின் குரலை அவனிடமிருந்து பிரித்தெடுத்து, பிறர் விரும்பிய சுருதியில், விரும்பிய போதெல்லாம் ஒலிக்கச் செய்வது என்பது அந்நடிகரின் வாழ்வுக்கே உவமையாகிவிட்டதை இன்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

குழந்தை நட்சத்திரங்களின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் துயரமானது. புகழ் விலகியபோது போதையிலும் வழக்குகளிலும் அழிந்தவர்கள் பலர். தாயாரே மேலாளராக இருந்து காத்த காரணத்தாலோ, இயல்பான நிதானத்தாலோ வார்னர் அவ்வழியில் செல்லவில்லை. 1996 முதல் 2000 வரை 'மால்கம் அண்ட் எடி' என்ற தொடரில் நாயகராக நடித்தார். ஏறத்தாழ அக்காலத்தில்தான், இருபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், பேஸ் கித்தாரைக் கையில் எடுத்தார்.

இந்தக் கருவியைப் பற்றி ஒரு சொல். இசைக்குழுவில் யாரும் திரும்பிப் பார்க்காத கருவி அது. பாடகரைக் காண்கிறோம், டிரம்பெட்டை வியக்கிறோம், பேஸ் நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரிகிறது. ஃபங்க் என்னும் இசைவகையில் அதன் பொறுப்பு இன்னும் கூடுதல். ஜாஸ் இசையில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம், நான்காம் அடிகளில் விழும். ஜேம்ஸ் பிரவுன் என்ற பாடகர் அழுத்தத்தை முதலடிக்குக் கொண்டுவந்தார். நம் தாள மரபில் சமம் என்போமே, அந்த இடத்துக்கு. எல்லோரும் எங்கே அலைந்தாலும் முதலடியில் வந்து கூட வேண்டும்; கூட்டிவைப்பவன் பேஸ் வாசிப்பவன். 1970களில் ஹெர்பி ஹான்காக் முதலானோர் ஜாஸின் கற்பனையையும் ஃபங்க்கின் இந்த முதலடியையும் இணைத்தபோது பிறந்ததே ஜாஸ் ஃபங்க். சிறு வயது முதல் கேமராவின் முன்னே நின்ற ஒருவர், முகம் தேவைப்படாத கருவி ஒன்றைத் தேர்ந்தார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். நமக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

'மைல்ஸ் லாங்' என்று தம் குழுவுக்குப் பெயரிட்டார். மைல்கணக்கில் நீண்டது என்று பொருள். 2003இல் முதல் வெளியீடு, 2007இல் 'காதலும் பிற சமூகப் பிரச்சினைகளும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பு, 2015இல் மற்றொன்று. இவற்றில் அவர் பாடகராக வரவில்லை. பின்னே இசை ஒலிக்க, தாம் எழுதிய கவிதையைப் பேசுகிறார்.

இந்தப் பேச்சுக்கவிதை மரபும் அவர் பெயரோடு பிணைந்ததே. மால்கம் எக்ஸ் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1968 மே 19ஆம் நாள், அவருடைய பிறந்த நாளன்று, நியூயார்க் ஹார்லெம் பகுதியின் பூங்கா ஒன்றில் இளங்கவிஞர் சிலர் மேளத்துடன் கவிதை சொன்னார்கள். 'லாஸ்ட் போயட்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். அக்குழுவில் பின்னர் சேர்ந்து புகழ்பெற்றவர்களுள் ஜலாலுத்தீன் மன்சூர் நூருத்தீன், உமர் பின் ஹஸன் என்று பெயர் பூண்டோரும் உண்டு. அவர்களுடைய முதல் இசைத்தட்டும், கில் ஸ்காட் ஹெரான் என்ற கவிஞரின் முதல் இசைத்தட்டும் வெளிவந்தது 1970இல். வார்னர் பிறந்த ஆண்டில். பெற்றோர் இட்ட பெயரில் மால்கமின் நாவும் ஜமாலின் இசையும் இருந்தன. இரண்டும் ஒன்றாகச் சேரக்கூடிய கலை ஒன்று உண்டெனில், இசையோடு சொல்லும் இக்கவிதைக்கலையே அது. அவர் இதை அறிந்தே தேர்ந்தாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

இனி, மறுப்புகளைச் சந்திக்க வேண்டும். இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க வழக்கில் நாம் நுழையவில்லை; ஆலிம்கள் பேசட்டும். நாம் கருதுவது சொல்லைப் பற்றி. முதல் மறுப்பு: இது நடிகனின் தற்பெருமையன்றோ? ஒரு துறையில் பேர் பெற்றவர் இன்னொரு துறையில் கைவைத்து, அங்கேயும் கைதட்டல் தேடுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! பெயரே இல்லாத நூறு கவிஞர்கள் வாய் திறக்க மேடையின்றி நிற்கையில், தொலைக்காட்சி முகத்துக்குக் கதவு தானே திறக்கிறது. இதில் நியாயம் இல்லை என்றால், ஆம், இல்லை. மழுப்ப விரும்பவில்லை. அவருடைய கவிதை நேரிய தராசில் எவ்வளவு எடை நிற்கும் என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் ஒன்று கருதத் தக்கது. புகழ் கதவைத்தான் திறக்கும். உள்ளே சென்றபின் அதுவே பகையாகும். கவிஞர் கூடும் சிற்றரங்கில் ஒரு தொலைக்காட்சிப் பிள்ளை எழுந்து நின்றால், முகத்தைப் பார்க்க வந்த ரசிகன் கவிதையைக் கேட்கமாட்டான். கவிதையைக் கேட்க வந்த ரசிகன் முகத்தைக் கண்டு சந்தேகிப்பான். அறியாதவன் இழக்க எதுவுமின்றிப் பேசலாம். அறியப்பட்டவன் ஒவ்வொரு முறையும் தன் பழைய முகத்தைக் கடந்துதான் பேச வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் அதனைத் தொடர்ந்து செய்தால், வெறும் தற்பெருமை அவ்வளவு நாள் தாங்காது என்றே எண்ணுகிறோம். தற்பெருமைக்குப் பொறுமை குறைவு.

இரண்டாம் மறுப்பு ஆழமானது. சொந்தச் சொல் என்று ஒன்று உண்டா என்ன? மொழி நாம் படைத்ததன்று. தாளம் ஜேம்ஸ் பிரவுனுடையது. பேச்சுக்கவிதை ஹார்லெம் பூங்காவினுடையது. இவருக்கோ பெயர்கூட இரவல். பின் எதைச் சொந்தம் என்பது? நாம் இதனை நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். புதுமையைக் கொண்டு சொந்தத்தை அளந்தால் நம்மில் எவருக்கும் சொந்தமாக ஒரு வாக்கியமும் மிஞ்சாது. எந்தச் சொல்லுக்காக நாம் பதில் சொல்ல வேண்டியவரோ, அதுவே நம் சொல். நாவே தன் உடையவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நாள் ஒன்றுண்டு என்று நம்புகிறவர்கள் நாம். அந்நாளில் நடிகன், 'வசனம் எழுதியவரைக் கேளுங்கள்' என்று ஓரளவு தப்பிக்கலாம். கவிதை சொன்னவனுக்கு அவ்வழி இல்லை. அந்த வழியைத் தாமே அடைத்துக்கொண்டு நிற்பதில்தான் இம்முயற்சியின் அறம் இருக்கிறது என்று கொள்கிறோம்.

இவ்வேறுபாடு வெறும் தத்துவம் அன்று என்பதைக் காலம் அவருக்குக் கடுமையாகக் காட்டியது. 2014 இறுதியில் பில் காஸ்பியின்மீது பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகள் அலையாக எழுந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தனர். தொடரின் மறு ஒளிபரப்புகள் நிறுத்தப்பட்டன. 2018இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2021இல் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்தப்பட்ட முறையில் குறை கண்டு அத்தீர்ப்பை நீக்கியது. அப்பெண்களின் துயரத்தின் முன் ஒரு நடிகரின் இழப்பைப் பெரிதுபடுத்துவது தகாது. எனினும் நம் வினாவுக்கு இது பொருத்தமானது. எட்டாண்டுக் காலம் ஒரு சிறுவன் உழைத்துக் கட்டிய மாளிகை, தான் செய்யாத குற்றத்துக்காக இருளில் மூழ்கியது. தொடரின் புகழ் கறைபட்டுவிட்டது என்பதை 2015இல் வார்னரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கண்ணியமான கறுப்பினக் குடும்பத்தின் அந்தச் சித்திரம் இளைய தலைமுறைக்கு இல்லாமற் போகுமே என்று அவர் வருந்தினார். மாளிகை பிறருடைய நிலத்தில் நின்றது. நிலத்துக்கு உரியவனின் பழி மாளிகையையும் தொட்டது.

அதே 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்குக் கிராமி விருது கிடைத்தது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 2012 டிசம்பர் 14ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் 20 குழந்தைகளையும் பெரியவர்கள் 6 பேரையும் கொன்றான். குழந்தைகள் ஆறு, ஏழு வயதினர். மறு ஆண்டு, பியானோக் கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் தம் குழுவுடன் ஒரு பழைய பாடலைப் புதிதாக அமைத்தார். பாடகி லாலா ஹாத்தவே பாட, வார்னர் தாம் எழுதிய கவிதையை, மாண்ட அக்குழந்தைகளின் நினைவாக, அதில் பேசினார். எந்தப் பழைய பாடல் தெரியுமா? 1973இல் ஸ்டீவி வொண்டர் இயற்றியது. ஈசா நபியின் பெயரைத் தலைப்பில் தாங்கியது. விளையாட்டாகப் பேசிய சில சொற்களை வெட்டி எடுத்துத் தம் கருவியில் ஒலிக்கச் செய்த அதே ஸ்டீவி வொண்டரின் பாட்டுக்குள், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே குரல் தானே எழுதிய சொற்களுடன் நுழைந்தது. இம்முறை எவரும் சுருதியை மாற்றவில்லை. பிள்ளை வேடத்தில் புகழ்பெற்றவர், பிள்ளைகளின் மரணத்துக்காகப் பேசினார்.

இவ்விருது கிடைத்திராவிட்டால் நாம் வேறு முடிவுக்கு வந்திருப்போமா? வரக்கூடாது, ஆயினும் வந்திருப்போமோ என்று அஞ்சுகிறோம். வெற்றியைக் காட்டியே எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் புத்தி எழுதுகிறவனையும் விட்டுவைப்பதில்லை. எனவே அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். 2022இல், 'கண்ணெதிரே மறைந்திருத்தல்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் தம் பேச்சுக்கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். முகம் அறியப்பட்டு மனிதர் அறியப்படாமல் வாழ்ந்தவருக்கு இதைவிடப் பொருந்தும் தலைப்பு கிடைக்காது. பேச்சுக்கவிதைக்கெனத் தனியே ஒரு கிராமி விருது 2023இல்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. அப்பட்டியலில் இத்தொகுப்பும் இருந்தது. விருது ஜே. ஐவி என்னும் சிகாகோக் கவிஞருக்குச் சென்றது. தோற்றவரை அந்த ஆண்டிலும் தெருவில் கண்டோர் தியோ என்றே அழைத்திருப்பர்.

அதற்காக அவர் நடிப்பைத் துறக்கவில்லை என்பதையும் குறித்தல் வேண்டும். 2018 முதல் 2023 வரை 'தி ரெஸிடெண்ட்' என்ற மருத்துவத் தொடரில் அறுவை மருத்துவராக நடித்துக்கொண்டே கவிதையும் சொன்னார். பிழைப்புக்கு இரவல் சொல், நெஞ்சுக்குச் சொந்தச் சொல் என்று இரண்டையும் ஒரே நாவில் வைத்திருந்தார். தூய கலைஞர்கள் இதைக் குறையாகக் கருதக்கூடும். கூலிக்குப் பகலெல்லாம் உழைத்துவிட்டு, இஷாவுக்குப் பின் அரிக்கேன் விளக்கொளியில் எழுதியவர்களின் வழிவந்த நமக்கு அது குறையாகத் தெரியவில்லை.

2024இல் நண்பர்களுடன் சேர்ந்து உரையாடல் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் மனநலத்தைப் பற்றியும் அவர்தம் பலவகை வாழ்வைப் பற்றியும் அதில் தாளமும் இன்றி, வேடமும் இன்றிப் பேசி வந்தார். ஓராண்டுதான், கடல் குறுக்கிட்டது.

எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த முகமாக வாழ்ந்தவர், ஒன்றை மட்டும் எந்த மேடையிலும், எந்தப் பேட்டியிலும் வெளியிடவில்லை. அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உண்டு என்பதை உலகம் அறியும். அவர் வாழ்ந்தவரை பெயர்களை அறிந்திருக்கவில்லை. மால்கம் என்றும் ஜமால் என்றும் தமக்கு இடப்பட்ட பெயர்களை ஊரறியச் சுமந்தவர், தம் மகளின் பெயரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்.